பாறையும் நிழலும் கெடுத்த வரைபடம்

நீலகிரி உச்சிப் புல்வெளிகளில் தாவர வகைகள் எங்கே அதிகம் என்று சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணிக்க முயன்றேன். அடுத்தடுத்த படப்புள்ளிகளின் நிறமாலை (ஒவ்வொரு அலைநீளத்திலும் எதிரொளிக்கும் ஒளியின் அளவு) மாறுபட மாறுபட வகைகளும் கூடும் என்பதே அடிப்படை. ஆனால் வரைபடம் பாறை விளிம்புகளையும் சோலைக்காட்டு ஓரங்களையும்தான் தூக்கிக் காட்டியது. நேரில் போனால் பாறைமேல் கற்பாசியும் நாலு புல்லும்!

தாவரக் குறியீட்டு மதிப்பு (பசுமை எவ்வளவு என்று காட்டும் எண்) குறைந்த புள்ளிகளை முதலில் நீக்கினேன். பாறையும் வெறும் மண்ணும் ஒழிந்தன. சோலைக்கும் சீகை (வாட்டில்) மரங்களுக்கும் கையாலேயே எல்லை வரைந்து வெட்டினேன். சலிப்பான வேலை, வேறு வழியில்லை. எஸ்.ஆர்.டி.எம். எனும், விண்கல ரேடார் அளந்த நில உயரத் தரவைக் கொண்டு சரிவுகளின் வெயில், நிழல் வேறுபாட்டைத் திருத்தினேன். உறைபனியில் புல் கருகிய ஜனவரிப் படங்களை ஒதுக்கிவிட்டு, பனிக்கு முன் வானம் தெளிந்த நாளின் படத்தை எடுத்தேன்.

பெரிய திருப்பம் களத்தில்தான். ஒரு படப்புள்ளியே 10 மீட்டர். சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட ரெட் எட்ஜ் அலைப்பட்டைகளில் 20 மீட்டர். தரையில் ஒரு சதுர மீட்டர்ச் சட்டம் ஒன்றை வைத்து அதற்குள் இருந்த தாவர வகைகளை எண்ணியதை அந்தப் படப்புள்ளியோடு ஒப்பிடுவது வீண். 20 மீட்டர்க் கட்டத்துக்குள் பல சட்டங்களைப் பரப்பி வைத்து எண்ணிய பிறகே இரண்டும் ஓரளவு ஒத்துப்போயின. சதுப்பு ஓரங்கள் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கின்றன.