பழைய டர்போ டீசல் வண்டி மிதிச்சா திக்குதா? டர்போவ கழட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

சேலத்துலேர்ந்து தர்மபுரி வரும்போது தொப்பூர் கணவாய் ஏத்தத்துல தான் நிறைய பேருக்கு இது தெரிய வரும், முன்னாடி ஒரு லாரி ஊர்ந்து போகும், தாண்டலாம்னு ஆக்ஸிலேட்டர மிதிச்சா வண்டி ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு திக்கித் திக்கி போகும். ஷெட்டுக்கு கொண்டு போனா பல இடத்துல முதல் வார்த்தையே "டர்போ போச்சுண்ணா" தான். டர்போங்கறது எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளுற பாகம், பெரும்பாலும் அது நல்லா தான் இருக்கும், காத்தோ டீசலோ வர்ற வழியில தான் கோளாறு.

பழைய ஸ்விஃப்ட், ரிட்ஸ், விஸ்டா மாதிரி 1.3 லிட்டர் டீசல் வண்டிங்கள வச்சு சொல்றேன்.

1. நிஜமாவே கோளாறு தானா?
நாலாவது கியர்ல 1200 ஆர்பிஎம்ல போட்டு மிதிச்சா எந்த டர்போவும் இழுக்காது, அது இயல்பு. மூணாவது கியர்ல 1500ல ஆரம்பிச்சு 3000 வரைக்கும் முழுசா மிதிச்சு பாருங்க, 2000 தாண்டியும் இழுக்கலன்னா கோளாறு தான். இத கணவாய்ல பண்ணாதீங்க, காலியான நேர் ரோடா பாருங்க. ஆர்பிஎம் மட்டும் ஏறி ஸ்பீடு ஏறலன்னா கிளட்ச் வழுக்குது, மேற்கொண்டு படிக்க வேணாம்.

2. புகைய பாருங்க
என்ன கேட்டா இது தான் முக்கியம். பின்னாடி ஒருத்தர பைக்ல வரச் சொல்லுங்க. மிதிக்கும்போது கரும்புகை தள்ளுச்சுன்னா டீசல் வருது, காத்து பத்தல. புகையே இல்லாம மூச்சு முட்டுச்சுன்னா அனேகமா டீசல் பத்தல. நீலப்புகைன்னா ஆயில் எரியுது, அப்ப வேணா டர்போ மேல சந்தேகப்படலாம்.

3. கரும்புகைன்னா
ஏர் ஃபில்டர கழட்டி பாருங்க, நம்ம ஊரு செம்மண் ரோட்டுல ஓடுற வண்டிக்கு கம்பெனி சொல்ற கிலோமீட்டர் வரைக்கும் அது தாங்காது. அது சரியா இருந்தா டர்போலேர்ந்து இன்டர்கூலருக்கும் (சூடான காத்த ஆத்துற பாகம்) அங்கேர்ந்து எஞ்சினுக்கும் போற பெரிய ரப்பர் ஹோஸ், எஞ்சின் ஆறின பிறகு கைய விட்டு தடவுங்க, முக்கியமா கண்ணுக்கு தெரியாத அடிப்பக்கமும் கிளாம்ப் ஓரமும். ஹோஸுக்குள்ள லேசா ஆயில் இருக்கிறது சகஜம், ஆனா வெளிய ஒரே ஒரு எடத்துல ஆயிலும் மண்ணும் சேர்ந்து கரும்பசையா ஒட்டியிருந்தா அத துடைச்சுட்டு ஹோஸ ரெண்டு கையால வளைங்க, உதடு மாதிரி வெடிப்பு வாய தொறக்கும். சும்மா ஓடவிட்டு பார்த்தா இது தெரியாது, பிரஷர் ஏறும்போது தான் விரியும். டேப்பு சுத்தி ஓட்டாதீங்க, ஹோஸ மாத்திருங்க.

ஹோஸ் நல்லா இருந்தா இஜிஆர் வால்வு (கொஞ்சம் புகைய திரும்ப எஞ்சினுக்கே அனுப்புறது) கரி புடிச்சு தொறந்தே நிக்குதான்னு பாக்கணும், அது மெக்கானிக் வேலை. காத்த அளக்குற சென்சார அதுக்குன்னு விக்கிற ஸ்பிரேல மட்டும் கழுவுங்க, பெட்ரோல் ஊத்தி துணியால துடைக்கிற வேலையே வேணாம். சில வண்டில டர்போவ கட்டுப்படுத்துற கம்பிய வேக்யூம் (காத்த உறிஞ்சுற இழுப்பு) தான் அசைக்கும், அதுல ஒருத்தர ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு டர்போ பக்கத்துல இருக்கிற சின்ன கம்பிய பாருங்க, ஸ்டார்ட் ஆனதும் அசையணும். அசையலன்னா பென்சில் தடிமன் கூட இல்லாத, வேக்யூம் வர்ற கருப்பு டியூப் எங்கயாவது பிளந்திருக்கலாம்.

4. புகையே இல்லன்னா
டீசல் ஃபில்டர். அடியில இருக்கிற ஸ்குரூவ லூஸ் பண்ணி கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல புடிச்சு வைங்க, தண்ணி இருந்தா தனியா கீழ தங்கும். எப்ப மாத்துனதுன்னே தெரியலன்னா யோசிக்காம புதுசு போடுங்க.

5. ஸ்கேனர்
ஆன்லைன்ல கிடைக்கிற சின்ன புளூடூத் ஸ்கேனரே போதும். சாவி மட்டும் ஆன் பண்ணி, ஸ்டார்ட் பண்ணாம மேனிஃபோல்டு பிரஷர் (எஞ்சினுக்குள்ள போற காத்தோட அழுத்தம்) பாருங்க. கடல் மட்டத்துல 101 கிலோபாஸ்கல் காட்டும், தர்மபுரி உயரத்துக்கு 95, 96 கிட்ட காட்டும், ஓசூர்னா 90 சொச்சம், அதனால குறையுதேன்னு பயப்படாதீங்க. முழுசா மிதிக்கும்போது அந்த நம்பர் ரெண்டு மடங்கு பக்கம் போகணும், இத பக்கத்துல உக்காந்திருக்கிறவர் பாக்கட்டும். 110, 120லயே நின்னா பூஸ்ட் (டர்போ தள்ளுற கூடுதல் அழுத்தம்) வரல, திரும்பவும் ஹோஸ் பக்கம் போங்க. பி0299னு கோடு வந்தாலும் அதே அர்த்தம் தான். பி0087 வந்தா டீசல் பிரஷர் குறைவு, புது ஃபில்டர் போட்ட பிறகும் அது வந்துச்சுன்னா பம்ப், இன்ஜெக்டர் பாக்குற டீசல் லேபுக்கு போயிருங்க. பம்புலேர்ந்து இன்ஜெக்டருக்கு டீசல் போற பைப்புல 1000 பாருக்கு மேல பிரஷர் இருக்கும், எஞ்சின் ஓடும்போது ஸ்பேனர் போட்டா பீச்சுற டீசல் தோல கிழிச்சு உள்ள போயிரும்.