இஞ்சி பியரில் காஸ் ஏறாததும், கூடிப்போனதும்

இஞ்சி, சீனி, தேசிக்காய்ப்புளி, ஈஸ்ட் எல்லாம் சேர்த்துப் போத்தலில் அடைத்து வைத்தும் காஸ் ஏறவே இல்லை, வெறும் இனிப்புத் தண்ணீர்தான். முதலில் ஈஸ்ட்டைச் சோதித்தேன். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சீனியோடு ஒரு தேக்கரண்டி போட்டால் 10, 15 நிமிடத்தில் நுரை கட்ட வேண்டும், என்னுடையது அடியில் மண் மாதிரிப் படிந்து கிடந்தது. கடைச் சூட்டில் கனகாலம் கிடந்த பக்கெற் போல. கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் புதிதாக வாங்கிப் போட்டதும் நுரை பொங்கியது. கொதிக்க வைத்த கிணற்றுத் தண்ணீர் நன்றாக ஆறிய பிறகே ஈஸ்ட்டைச் சேருங்கள், சூட்டில் அது செத்துப்போகும்.

அப்புறம் பிரச்சினை மறுபக்கம் திரும்பியது. வன்னி வெக்கையில், பகலில் 33, 34 பாகை வரும்போது, ஈஸ்ட் சீனியை வேகமாகத் தின்று காபனீரொட்சைட்டைக் கக்கும், ஒரே நாளில் போத்தல் உப்பிவிடும். தயவுசெய்து கண்ணாடிப் போத்தலில் அடைக்காதீர்கள், வெடித்தால் கண் போய்விடும். சோடா வந்த பிளாஸ்ரிக் போத்தல்தான் சரி, கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு. காலையும் மாலையும் அமுக்கிப் பார்ப்பேன், விரலுக்கு வளைந்து கொடுக்காமல் இறுகியதும் நேரே பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். குளிரில் ஈஸ்ட் அடங்கும், ஆனால் முற்றாக நிற்காது, அதனால் ஒரு கிழமைக்குள் குடித்து முடியுங்கள். திறக்கும்போது மூடியைக் கொஞ்சம் திருகி, சீறல் அடங்கிய பிறகு முழுதாகத் திறவுங்கள்.