டிக்கியையே அச்சாக வைத்து ஸ்பாய்லர் பொருத்துவது

கோவை உக்கடம் பழைய இரும்புக் கடையில் 1,400 ரூபாய்க்கு ஒரு ஸ்பாய்லர், அதாவது டிக்கி மேல் வைக்கும் இறக்கை, வாங்கினேன். எந்த வண்டியில் இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. "எல்லா வண்டிக்கும் உக்காருமுங்கண்ணா" என்றார். வீட்டுக்கு வந்து என் 2004 மாருதி எஸ்டீம் காரின் டிக்கி மேல் வைத்துப் பார்த்தால் நடுவில் மட்டும்தான் தொடுகிறது. இரண்டு ஓரத்திலும் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறது, அளந்தால் 14 மில்லிமீட்டர். வலப்பக்கம் அழுத்தினால் இடப்பக்கம் எழும்புகிறது. போல்ட் போட்டு இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று ஒரு பெயிண்டர் சொன்னார். உட்காரும்தான், டிக்கித் தகட்டையும் கூடவே நெளித்துக்கொண்டு.

எனக்குத் தொழில் பேட்டர்ன் வேலை. கணபதியில் ஒரு பவுண்டரியில் 26 வருடம். பம்ப் பாடிக்கு மரத்தில் முதல் உருவம் செய்து கொடுப்பவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: டிக்கியின் வளைவை அளவெடுத்துப் பிடிக்கப் பார்க்காதீர்கள். அது குறுக்கிலும் வளைகிறது, நெடுக்கிலும் வளைகிறது, இருபது வருடத்தில் யாரோ சாய்ந்து உட்கார்ந்ததில் லேசாகப் பள்ளமும் விழுந்திருக்கும். டிக்கி மேலேயே ஃபைபரை (ரெசின் என்ற பிசினில் நனைத்த கண்ணாடி இழை) ஒட்டி, இறுகின பிறகு உரித்தால் அந்தப் பள்ளம் உட்பட எல்லாம் அப்படியே கிடைத்துவிடும். அப்படி உரித்த ஃபைபர் தகட்டின் மேல் ஸ்பாய்லரை உட்கார வைத்து, இடைவெளியை நிரப்பி, இரண்டையும் ஒரே உடம்பாக்குவதுதான் மொத்த வேலையும்.

இது அழகுக்குத்தான் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடும் பார்முலா கார்களின் பின் இறக்கை வண்டியைத் தரையோடு அழுத்தும். அவிநாசி ரோட்டில் அறுபதில் போகும் எஸ்டீமுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வீட்டம்மா இதையே வேறு வார்த்தையில் சொன்னாள்.

தொடங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ஸ்பாய்லரின் அடியில் பிளாஸ்டிக் பெயர் அச்சடித்திருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால் சரி. பிபி என்றிருந்தால் அதன் மேல் ரெசின் ஒட்டவே ஒட்டாது, கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு, டேப்பால் தற்காலிகமாக ஒட்டிவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் பாருங்கள். பின்னால் வரும் பைக்காரனின் தலை தெரிய வேண்டும். பின்கண்ணாடிக்குள் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டும் மறையக் கூடாது. மூன்று, எடை. மூன்று கிலோவைத் தாண்டினால் என் டிக்கி திறந்த இடத்தில் நிற்பதில்லை, மெதுவாக இறங்கி மண்டையில் முட்டுகிறது. சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதனால் வண்டியின் அகலத்தைத் தாண்டி நீட்டாதீர்கள், கூர்முனை வைக்காதீர்கள்.

வாங்க வேண்டியவை: பாலியெஸ்டர் ரெசின் 2 கிலோ, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு சின்னப் புட்டி, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) சாப்ட் மேட், அதாவது நறுக்கிய கண்ணாடி இழைப் பாய், இரண்டு மீட்டர், அசிட்டோன் ஒரு லிட்டர், மலிவான பிரஷ் ஐந்தாறு, மாஸ்கிங் டேப், பார்சல் ஒட்டும் பிரவுன் டேப், வாக்ஸ் பாலிஷ். ரெசினில், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். கலக்காதது என்றால் கோபால்ட்டைத் தனியாகத் தருவார்கள். அதை முதலில் ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர் ஊற்ற வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேருக்கு நேர் ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே கரண்டியால் இரண்டையும் தொடாதீர்கள். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், அதனால் கண்ணாடி போடாமல் புட்டியைத் திறக்காதீர்கள். தப்பித் தவறிப் பட்டால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரெசின் வாடைக்குத் துணி மாஸ்க் எதற்கும் ஆகாது. பெயிண்டர்கள் போடும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். வேலையைத் திறந்த வெளியில், நிழலில் வையுங்கள்.

இப்போது அச்சு. டிக்கியைக் கழுவித் துடைத்து, நடுக்கோட்டை மாஸ்கிங் டேப்பால் குறியுங்கள். ஸ்பாய்லரை வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அதற்கு மேல் பிரவுன் டேப், ஒன்றன் மேல் ஒன்று அரை அங்குலம் ஏறும்படி. ரெசின் இந்த டேப்பில் பிடிக்காது. ஆனால் சந்து கிடைத்தால் புகுந்துவிடும். நான் வலது மூலையில் ஒரு நகத்தளவு சுருக்கத்தை விட்டுவிட்டேன். அந்த இடத்தில் இப்போதும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வேறு கலர் இருக்கிறது, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். டேப்புக்கு மேல் இரண்டு கை வாக்ஸ். வண்டியின் மற்ற பாகத்தைப் பழைய போர்வையால் மூடிவிடுங்கள்.

இந்த இடத்தில் பேட்டர்ன்காரன் பேச்சைக் கேளுங்கள். டிக்கியின் பின் விளிம்பைத் தாண்டி ஃபைபர் மேட்டைக் கீழே மடிக்காதீர்கள். மடித்தால் இறுகின பிறகு கொக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும், உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அச்சு எந்தத் திசையில் கழல வேண்டுமோ அந்தத் திசைக்குத் தடையாக ஒரு மில்லிமீட்டர்கூட உள்வாங்கி இருக்கக் கூடாது. விளிம்புக்கு 5 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்துங்கள்.

மேட்டை முன்கூட்டியே உள்ளங்கை அளவுத் துண்டுகளாகக் கையால் கிழித்து வையுங்கள். கத்தரியால் வெட்டினால் ஓரம் படிப்படியாகத் தெரியும், கிழித்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு தடவைக்கு 200 கிராம் ரெசின், அதற்கு மேல் வேண்டாம். மிதமான வெயிலில் அதற்கு 3 மில்லி ஹார்டனர், சித்திரை வெயிலில் 2 மில்லியே போதும். அளக்க ஊசி போடும் சிரிஞ்சு நல்லது. சீக்கிரம் முடிக்கலாம் என்று முதல் முறை நான் கண் அளவில் தாராளமாக ஊற்றினேன். இரண்டாவது துண்டு ஒட்டுவதற்குள் மக் சூடாகிப் புகைந்து, உள்ளே ரெசின் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. மக்கும் போச்சு, பிரஷ்ஷும் போச்சு. அளவாக ஊற்றினால் கால் மணி நேரம் கையில் இருக்கும், ஒரு மக் தீர்க்க அது போதும்.

முதலில் டேப் மேல் ரெசின் தடவுங்கள், பிறகு மேட் துண்டு, அதன் மேல் பிரஷ்ஷால் குத்துங்கள். இழுக்காதீர்கள், குத்துங்கள். இழுத்தால் இழை பிரஷ்ஷோடு வந்துவிடும். வெள்ளையாக இருக்கும் மேட் ரெசினைக் குடித்துக் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகும். எங்கே வெள்ளை நிற்கிறதோ அங்கே காற்று இருக்கிறது என்று அர்த்தம், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுங்கள். மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் போகும். மினுமினுவென்று தேங்கி நின்றால் அதிகம். தேங்கிய ரெசினுக்குப் பலம் கிடையாது, கண்ணாடித் துண்டாக உடையும். மூன்று அடுக்கு வைத்தால் சுமார் 2 மில்லி கனம் வரும்.

ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் காலையில் ஓரத்தில் மரக்குச்சியைச் செருகி, சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் 'டப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை செய்யலாம். கழன்ற தகட்டைத் திரும்ப டிக்கி மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். ஆடவே ஆடாது.

ஸ்பாய்லரின் அடிவிளிம்பை 40 நம்பர் எமரியால் சொரசொரப்பாக்குங்கள். ஏபிஎஸ் மேல் ரெசினின் பிடியை நம்பி மட்டும் விட முடியாது. விளிம்பு நெடுக 5 சென்டிமீட்டருக்கு ஒரு 6 மில்லி துளை போட்டேன். ரெசினும் இழையும் அதற்குள் புகுந்து இறுகும்போது ஒவ்வொன்றும் ரிவெட்டாக நிற்கும். போல்ட்டுக்கு, நான்கு எம்6 போல்ட்டின் தலையை 3 மில்லி இரும்புத் தகட்டில் வெல்டு வைத்து, தகட்டிலும் நாலைந்து துளை போட்டு, ஃபைபர் தகட்டின் மேல்பக்கம் மேட்டுக்குள் புதைத்தேன். திருகுமரை கீழே நீட்டிக்கொண்டிருக்கும். புதைக்கும் முன் டிக்கியின் உள்பக்கச் சட்டத்தில் ஸ்பேனர் நுழையும் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேராக வையுங்கள். பிறகு யோசித்தால் விரல்தான் மாட்டும்.

திருகுமரை நீட்டியிருப்பதால் டிக்கியில் துளை போட்டால்தான் தகடு திரும்ப உட்காரும். போல்ட் 6 மில்லி, துளை 8 மில்லி போடுங்கள், கொஞ்சம் நகர்த்திக்கொள்ள இடம் இருக்கும். வெட்டிய விளிம்பில் அன்றைக்கே துரு பிரைமர் தொட்டுவிடுங்கள்.

தகடு உட்கார்ந்ததும் ஸ்பாய்லரை அதன் மேல் நேர் நிறுத்தி, ஓரங்களில் மரத்துண்டு கொடுத்து, நாலு இடத்தில் பட்டியால் (பெயிண்டர்கள் பள்ளம் நிரப்பும் பசை) தற்காலிகமாகப் பிடிக்க வையுங்கள். இரண்டு பக்க உயரத்தையும் தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று ஏமாற்றும். டிக்கி விளிம்பிலிருந்து அளங்கள். இடைவெளிக்குள் ஸ்ப்ரே டப்பாவில் வரும் பாலியூரித்தேன் நுரையை அடித்து ஒரு ராத்திரி விட்டு, பிதுங்கியதை ஹாக்ஸா பிளேடால் சீவுங்கள். தெர்மாக்கோல் வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பாலியெஸ்டர் ரெசின் பட்டால் வெல்லப்பாகாகக் கரைந்து உள்ளே குழிதான் மிஞ்சும். நுரையை 2 மில்லி உள்வாங்கச் சீவிக்கொண்டு, அதற்கு மேல் தகட்டையும் ஸ்பாய்லரையும் சேர்த்துப் பிடிக்கும்படி மூன்று அடுக்கு மேட்.

இறுகின ஃபைபரை அரைக்கும் நாள் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். முழுக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு, தூசி மாஸ்க். குளிக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் விட்டால் அரிப்பு கூடும். அந்தச் சட்டையை நான் வாஷிங்மெஷினில் மற்ற துணியோடு போட்டுவிட்டேன். மூன்று நாள் வீடே சொரிந்தது. மாமியார் வந்திருந்த வாரம் வேறு.

அரைத்த உடனே பட்டி பார்க்க ஆசை வரும். பொறுங்கள். பாலியெஸ்டர் இறுகினது போலத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டுப் பெயிண்ட் அடித்த வண்டிகளில் ஆறு மாதம் கழித்து மேட்டின் இழை கோலம் மாதிரி மேலே தெரிவது இதனால்தான். ஒரு வாரம் மொட்டைமாடி வெயிலில் போட்டேன். பிறகு 80 நம்பரில் தேய்த்து, பட்டியை மெல்லிசாக இரண்டு கை, 180, 320, பிரைமர், 600 வாட்டர் பேப்பர். பெயிண்ட்டை மட்டும் பெயிண்ட் அடிக்கும் மூடிய அறை (பூத்) வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். வீட்டு வாசலில் சில்வர் மெட்டாலிக் அடித்தால் திட்டுத்திட்டாகத்தான் வரும்.

பொருத்தும்போது தகட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் ஷீட், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பாலியூரித்தேன் சீலண்ட், உள்ளே 25 மில்லி அகல வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்த, தானாகக் கழலாத நட்). நசுக்கி இறுக்க வேண்டாம், வாஷர் சுற்றாமல் நின்றால் போதும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக டிக்கிக்குள் தினத்தாள் விரித்து மூடி, மேலே நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். திறந்து பார்த்தால் இடப்பக்க ஓரத்தில் மட்டும் ஒரு கைப்பிடி அகலத்துக்கு நனைந்திருந்தது. அந்த நட்டைக் கழற்றி, சீலண்ட்டைச் சுரண்டி எடுத்து, புதுசாக வைத்தேன். அடுத்த நாள் பேப்பர் காய்ந்தே இருந்தது.