சுறா வணிகத்தில் சைட்டிஸ் விதிகள்: நடைமுறைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, 2013இல் பாங்காக் மாநாட்டில் சுத்தியல் போன்ற தலையுடைய கொம்பன் சுறாக்களில் மூன்று வகைகளைத் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2022இல் பனாமாவில், பால் சுறாக்கள் அடங்கிய குடும்பம் முழுவதும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. இப்பட்டியலை முழுத் தடையாகப் புரிந்துகொள்வதே முதல் தவறு. அனுமதிச் சீட்டுடன் ஏற்றுமதி செய்ய அது வழிவிடுகிறது. ஆனால் அந்த ஏற்றுமதியால் இனம் நலிவடையாது என்று நாட்டின் அறிவியல் ஆணையம் முன்கூட்டியே கண்டறிந்திருக்க வேண்டும், மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டதும் உறுதியாகியிருக்க வேண்டும். சரக்கு துறைமுகத்துக்கு வந்தபின் ஆய்வறிக்கையைத் தேடத் தொடங்கினால், அந்த ஆய்வு வெறும் சடங்காகிவிடும்.

அந்த ஆய்வுக்கு அடிப்படையான பதிவு, படகிலிருந்து மீனை இறக்கும் இறங்குதளத்தில்தான் உருவாகிறது. அதிகம் தவறுவதும் அங்கேதான். எல்லாவற்றையும் ‘சுறா’ என்ற ஒரே தலைப்பில் எழுதிவிட்டால் எந்த இனம் எவ்வளவு குறைகிறது என்பதை எவராலும் சொல்ல முடியாது. கொம்பன் சுறாக்களில் ஒரு வகைக்குத் தலையின் முன்விளிம்பு வளைந்து நடுவில் பள்ளம் இருக்கும். மற்றொன்றுக்கு வளைவு உண்டு, நடுப்பள்ளம் இல்லை. மூன்றாவதற்கு விளிம்பே ஏறக்குறைய நேராக இருக்கும். தலையை வெட்டியபின் இந்த அடையாளங்கள் போய்விடும் என்பதால், பதிவு ஏலத்துக்கு முன்பே முடிய வேண்டும்.

பன்னாட்டுப் பட்டியலை மட்டும் பார்த்து உள்நாட்டுச் சட்டத்தை மறப்பதும் ஆபத்தானது. கடல் குதிரை சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருந்தாலும், இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிப்பதே குற்றம். சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கும் 2015 முதல் தடை உள்ளது.

எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத ஆழ்கடலில் பிடித்த மீனைச் சொந்த நாட்டுக் கப்பலே சொந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தாலும், பட்டியலில் உள்ள இனமானால் அதற்குச் சான்றிதழ் தேவை. எல்லை கடக்கும் சரக்கை மட்டுமே கண்காணிக்கும் அலுவலகங்கள் இதைத் தவறவிடுகின்றன.

இந்தியாவில் அனுமதி வழங்கும் பொறுப்பு சுற்றுச்சூழல் அமைச்சகத்திடமும், மீன்பிடிப்பு மீன்வளத் துறையிடமும் இருக்கிறது. இழுவலையில், சுறாவின் உறவினமான உழுவை மீன் தானாகவே சிக்குகிறது; ஏற்றுமதியை மறுப்பதால் மட்டும் அதன் இறப்பு குறையாது. வலையின் அமைப்பு, மீன்பிடிக்கும் இடம், உயிருடன் திரும்ப விடும் முறை ஆகியவற்றை மீன்வளத் துறை மீனவர்களுடன் பேசி முடிவுசெய்யாமல், பொறுப்பை வனத்துறையின் சோதனைச் சாவடியிடம் விட்டுவிடுவது பெருந்தவறு.