பைப் வழியே தரவு அனுப்பும்போது: பஃபரைப் பெருப்பிக்கும் முன் திருத்த வேண்டிய தவறுகள்

கொழும்பில் சின்ன நிறுவனங்களின் சேர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த இரவு வேலை நன்றாகத் தெரியும். மைஎஸ்கியூஎல்டம்ப் தரவுத்தளத்தை வெளியே எடுக்கும், பைப் (ஒரு கொமாண்டின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீடாகக் கொடுக்கும் இணைப்பு) வழியாக ஜிஸிப் அதைச் சுருக்கும், அடுத்த பைப்பில் எஸ்எஸ்எச் அதைச் சிங்கப்பூர் சேர்வருக்குத் தள்ளும். காலையில் வேலை தொடங்கும் நேரத்திலும் அது முடியாமல் ஓடினால், பலரும் முதலில் கை வைப்பது பஃபர் (தரவு இடையில் காத்திருக்கும் நினைவக இடம்) அளவில்தான். அனுப்பியது முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை அதற்கு முன் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாதிக் கோப்பு எவ்வளவு வேகமாகப் போனாலும் அது பேக்கப் ஆகாது.

கொமாண்டுகளை இயக்கும் பேஷ் ஷெல், வழக்கமாக ஒரு பைப் வரிசையின் கடைசிக் கொமாண்டின் எக்ஸிட் கோடை (முடியும்போது அது திருப்பும் எண், பூச்சியம் என்றால் வெற்றி) மட்டுமே பார்க்கும். மைஎஸ்கியூஎல்டம்ப் நடுவில் செத்துப்போனால், ஜிஸிப்புக்கு உள்ளீடு முடிந்துவிட்டது என்று மட்டும்தான் தெரியும். அது வந்ததைச் சுருக்கி ஒழுங்காக மூடிவிடும், எஸ்எஸ்எச்சும் பூச்சியம் என்று திருப்பும். இதில் உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம், ஜிஸிப் -டி போட்டுச் சோதித்தாலும் அந்தக் கோப்பு நல்லது என்றே பதில் வரும். சுருக்கத்தில் பிழை இல்லை, உள்ளே பாதி அட்டவணைகள்தான் இல்லை.

அதனால் ஸ்கிரிப்டின் தலையில் செட் -ஓ பைப்ஃபெயில் இருக்க வேண்டும். எந்தக் கட்டம் விழுந்தாலும் முழு வரிசையும் தோற்றதாக அது சொல்லும். எந்தக் கட்டம் விழுந்தது என்று அறிய பேஷில் பைப்ஸ்டேட்டஸ் இருக்கிறது. ஆனால் பைப்ஃபெயில் செய்தி சொல்லும்போது பாதிக் கோப்பு ஏற்கெனவே அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். நேற்றைய நல்ல கோப்பின் மேலேயே எழுதியிருந்தால் அதுவும் போச்சு. எப்போதும் தற்காலிகப் பெயரில் எழுதி, முழு வரிசையும் பிழையில்லாமல் முடிந்த பிறகு தனிக் கொமாண்டால் பெயரை மாற்றுங்கள். வழக்கமான அமைப்பில் மைஎஸ்கியூஎல்டம்ப் வேலை முடிந்ததும் கோப்பின் கடைசியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று ஒரு வரி எழுதும். விரித்துப் பார்த்து அந்த வரி இருக்கிறதா என்று தேடுவது சின்ன வேலை, பெரிய நிம்மதி.

எக்ஸிட் கோட் 141 வந்தால் பதறத் தேவையில்லை. அது 128 உடன் 13, அதாவது சிக்பைப் சமிக்ஞை: வாசிக்கும் பக்கம் முதலில் மூடிவிட்டது. கடைசியில் ஹெட் (முதல் சில வரிகளை மட்டும் எடுத்துவிட்டு முடியும் கொமாண்ட்) போட்ட வரிசையில் அது சாதாரணம். தரவு அனுப்பும் வரிசையில் வந்தால், விழுந்தது அடுத்த கட்டம், அங்கே தேடுங்கள்.

தரவைப் பிளாக் பிளாக்காக நகலெடுக்கும் டிடி கொமாண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. 1 மெகாபைட் பிளாக், 100 எண்ணிக்கை என்று கொடுத்துப் பைப்பிலிருந்து வாசித்தால் 100 மெகாபைட் வரும் என்று நம்பிவிடுகிறோம். பைப் ஒரு தடவைக்குக் கையில் இருப்பதை மட்டும் கொடுக்கும், டிடி அதையும் ஒரு பிளாக்காக எண்ணிக்கொள்ளும். ஒவ்வொரு பிளாக்கும் நிரம்பும்வரை வாசிக்கச் சொல்லும் ஐஃபிளாக்=ஃபுல்பிளாக் சேர்க்காவிட்டால் கோப்பு குறைந்துபோகும்.

சரி, இனி பஃபர். லினக்ஸில் ஒரு பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். நிரலிலிருந்து எஃப்_செட்பைப்_எஸ்ஸட் மூலம் அதைக் கூட்டலாம், சாதாரணப் பயனருக்கு வழக்கமான உச்சம் 1 மெகாபைட். எழுதுபவரும் வாசிப்பவரும் மாறி மாறிக் காத்திருக்கும் இடத்தில் இது உதவும். ஆனால் வரிசையில் மெதுவான கட்டம் ஒன்று இருந்தால், கூரையில் பெரிய டாங்கி வைத்து மோட்டரின் வேகத்தைக் கூட்டப் பார்ப்பது போலத்தான்.

எது மெதுவானது என்று கண்டுபிடிக்க எம்பஃபரை (எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் பஃபர் நிரல்) இடையில் போடுங்கள். அது நிரம்பியே இருந்தால் அதற்குப் பின்னுள்ள கட்டம் மெதுவானது, காலியாகவே இருந்தால் முன்னுள்ளது. பல இடங்களில் அகப்படுவது ஜிஸிப்தான், அது புரொசசரின் ஒரு கோரில் மட்டும் ஓடும். பல கோர்களில் ஓடும் பிக்ஸிப் அல்லது பல திரெட்டுகளுடன் ஸெட்ஸ்டாண்டர்ட் போட்டாலே நிலைமை மாறும். சின்னச் சின்னக் கோப்புகளை ஒன்றாகக் கட்ட டார் வாசிக்கும்போது வேகம் ஏறி இறங்கும். அதைச் சமன் செய்ய 1 மெகாபைட் போதாது, எம்பஃபருக்கு 512 மெகாபைட் கொடுத்தால் பலன் தெரியும்.

வலைப்பின்னலே தடையாக இருந்தால் பைப்பில் என்ன செய்தும் பயனில்லை. கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் 2,700 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடும், ஆக போய்வர 27 மில்லிசெக்கனுக்குக் குறையவே முடியாது. போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் 50 மில்லிசெக்கன் காட்டுகிறது, இணைப்பு 100 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், வழியில் எந்நேரமும் 625,000 பைட் இருந்தால்தான் இணைப்பு நிரம்பும். அதைத் தீர்மானிப்பது டிசிபி விண்டோ (பதில் வருமுன் அனுப்பக்கூடிய தரவின் அளவு), பைப் அல்ல.

பைதான் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வேறு நிரல்களை இயக்கும் சப்புரொசஸில் எஸ்டிடிஎரரையும் (பிழைச்செய்திகள் போகும் வழி) பைப்பாக எடுத்துவிட்டு அதை வாசிக்காமல் விட்டால், எச்சரிக்கைச் செய்திகள் 64 கிலோபைட்டை நிரப்பியதும் துணை நிரல் அப்படியே உறைந்துவிடும். பிழைச்செய்தியும் வராது, எக்ஸிட் கோடும் வராது. எஸ்டிடிஎரரை ஒரு கோப்புக்குத் திருப்புங்கள். வெளியீடு சிறியதென்றால் எல்லாவற்றையும் வாசித்துக் கொடுக்கும் கம்யூனிகேட் போதும், அது எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் என்பதால் பெரிய டம்புக்கு வேண்டாம்.

பலர் பகிரும் சேர்வரில் பைப் அளவைக் கூட்டுவதற்கு முன் ஒரு பயனரின் பைப்புகள் எல்லாம் சேர்ந்து எடுக்கும் நினைவகத்துக்கான பைப்-யூசர்-பேஜஸ்-சொஃப்ட் வரம்பையும் பாருங்கள். வழக்கமாக அது ஒரு பயனருக்கு 16,384 பக்கம் (நினைவகத் துண்டு), அதாவது 4 கிலோபைட் பக்கத்தில் 64 மெகாபைட். ஒவ்வொன்றும் 1 மெகாபைட்டாக 64 பைப் திறந்தால் அது தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அதே பயனர் திறக்கும் புதிய பைப்புகளுக்கு ஓரிரண்டு பக்கம்தான் கிடைக்கும், நேற்றுவரை நன்றாக ஓடிய வேறு வேலைகள் காரணம் தெரியாமல் மெதுவாகிவிடும்.