பிள்ளை பெற்ற பின் உடற்கொழுப்பு வீதம்: வீட்டிலேயே அளந்து பார்ப்பது எப்படி?

என் இரண்டாவது பிள்ளைக்கு இருபது நாளாக இருந்தபோது கனடாவிலிருந்து வந்த சித்தி ஒரு மின்தராசு தந்தார். ஏறி நின்றால் நிறையோடு கொழுப்பு வீதத்தையும் காட்டும். முதல் நாள் மாலை 39 வீதம் என்றது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. அன்றிரவு சாப்பிடாமலே படுத்துவிட்டேன். காலையில் ஏறிப் பார்த்தால் 35! ஒரே இரவில் 4 வீதம் கொழுப்பு கரையவே முடியாது. மாறியது உடம்பில் இருந்த நீர். பால் கொடுக்கிற தாய் ஒரு எண்ணைப் பார்த்துப் பட்டினி கிடக்கக் கூடாது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் என்னைப் போல இருக்கும் தங்கைமார் யாரும் அப்படிக் கிடந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த எண் எதைச் சொல்கிறது?

உங்கள் நிறை 60 கிலோ, கொழுப்பு 30 வீதம் என்றால் 18 கிலோ கொழுப்பு. மீதி 42 கிலோ தசை, எலும்பு, குருதி, நீர், உள்ளுறுப்புகள். பெண்ணுடம்பு இயங்குவதற்கே 10 முதல் 13 வீதம் வரை கொழுப்பு வேண்டும். பொதுவாகப் பயன்படும் அமெரிக்க அட்டவணை ஒன்று 25 முதல் 31 வரை சாதாரணம் என்றும் 32க்கு மேல் அதிகம் என்றும் சொல்கிறது. அது பிள்ளை பெற்றவர்களுக்கென்று வகுத்தது அல்ல, அதை வைத்து உங்களை நீங்களே தீர்ப்பிட வேண்டாம். இன்னொன்றும் உண்டு. ஒரே உடற்திணிவுச் சுட்டியில் (BMI, கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) ஐரோப்பியரைவிடத் தெற்காசியர் உடம்பில் கொழுப்பு கூடுதலாக இருக்கும். அதனால்தான் ஆசியர்கள் அந்தச் சுட்டி 25 ஆகும்வரை காத்திராமல் 23லிருந்தே கவனமாக இருக்க வேண்டும் என்று 2004இல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு சொன்னது.

கர்ப்பத்தில் பலருக்கு 12 கிலோ அளவில் நிறை கூடும். அதில் பிள்ளை ஏறக்குறைய 3 கிலோ. நச்சுக்கொடியும் பனிக்குடநீரும் ஒன்றரைக் கிலோ. பெருத்த கருப்பை, மார்பு, கூடிய குருதி, உடம்பில் தங்கிய நீர் என்று இன்னும் சில கிலோ. மிச்சம் மூன்று கிலோவும் கொஞ்சமும்தான் கொழுப்பு. அதையும் உடம்பு வீணாகச் சேர்க்கவில்லை. தாய்ப்பால் கொடுக்க நாளொன்றுக்கு 500 கலோரி அளவில் கூடுதலாகத் தேவைப்படும். அதற்கான சேமிப்பு அது.

முதற்படி: ஆறு கிழமை பொறுங்கள்

கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு கிழமை பிடிக்கும். தேங்கிய நீரும் அதற்குள் வடிந்துவிடும். அதற்கு முன் எடுக்கும் எந்த அளவையும் நம்ப வேண்டாம், முக்கியமாக மின்தராசை. அது காலால் சிறு மின்னோட்டத்தை அனுப்பி, எவ்வளவு தடைப்படுகிறது என்று பார்த்துக் கணிக்கிறது. நீருள்ள தசையில் மின்சாரம் எளிதாக ஓடும், கொழுப்பில் தடைப்படும். வன்னி வெயிலில் பகல் முழுதும் வியர்த்துவிட்டு ஏறினால் ஒரு எண், இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் வேறு எண்.

இரண்டாம் படி: பழைய நிறையைத் தேடி எடுங்கள்

உங்கள் கர்ப்பகாலப் பதிவேட்டில் முதல் கிளினிக்கில் எடுத்த நிறையும் உயரமும் இருக்கும். நிறை இப்போதைய நிறையோடு ஒப்பிட, உயரம் நான்காம் படிக் கணக்குக்கு. அட்டையை எறிந்துவிடாதீர்கள். எழுத்து விளங்காவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார்.

மூன்றாம் படி: நாடாவால் அளப்பது

தையல் நாடா போதும். காலையில், சலம் கழித்த பிறகு, சாப்பிடுமுன் அளந்து பாருங்கள். கழுத்தை, குரல்வளைக்குச் சற்றுக் கீழே அளக்க வேண்டும். இடையை அதன் ஒடுங்கிய இடத்தில் அளக்க வேண்டும். பிள்ளை பெற்ற வயிற்றில் ஒடுங்கிய இடம் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. அப்படியென்றால் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் வையுங்கள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் வாசியுங்கள். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தால் நீங்கள் ஏமாற்றுவது உங்களைத்தான். பின்பகுதியை அது மிகவும் அகன்ற இடத்தில் அளக்க வேண்டும். நாடா தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. இரண்டு தரம் அளந்து சராசரி எடுங்கள்.

நான்காம் படி: கணக்கு

அமெரிக்கக் கடற்படைக்காக 1984இல் உருவாக்கிய சூத்திரம் இது. சாதாரண தரத்தில் படித்த மடக்கைதான். போனைச் சரித்துப் பிடித்தால் கல்குலேற்றரில் அதற்கான log பொத்தான் வரும் (ln அல்ல).

இடையையும் பின்பகுதியையும் கூட்டிக் கழுத்தைக் கழியுங்கள். எல்லாம் சென்ரிமீற்றரில்.
அதன் மடக்கையை 0.35004ஆல் பெருக்குங்கள்.
உயரத்தின் மடக்கையை 0.221ஆல் பெருக்குங்கள்.
1.29579இலிருந்து முதலாவதைக் கழித்து, இரண்டாவதைக் கூட்டுங்கள்.
495ஐ அந்த விடையால் வகுத்து, 450ஐக் கழியுங்கள்.

உதாரணத்துக்கு, இரண்டாம் மாதத்தில் ஒரு தாய்: உயரம் 156, கழுத்து 32, இடை 84, பின்பகுதி 100, நிறை 63 கிலோ. கூட்டிக் கழித்தால் 152. விடை 36.9 வீதம், அதாவது 23 கிலோ கொழுப்பு. இந்தச் சூத்திரம் மூன்று நான்கு வீதம் முன்பின்னாகப் பிழைக்கும். தளர்ந்த வயிற்றையும் கொழுப்பென்றே எண்ணிவிடும்.

ஐந்தாம் படி: தடுப்பூசி நாளில் மறுபடியும்

பிள்ளைக்கு 2, 4, 6, 9, 12 மாதங்களில் தடுப்பூசி வரும். அந்த நாட்களில் உங்களையும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். அதைவிட அடிக்கடி வேண்டாம். மேலே சொன்ன தாய்க்கு ஒன்பதாம் மாதத்தில் இடை 79, பின்பகுதி 98, கழுத்து அதேதான் என்று வையுங்கள். நிறை 61. "ஏழு மாதத்தில் இரண்டு கிலோதானா" என்று மாமி கேட்பார். கணக்குப் போட்டால் 33.4 வீதம், அதாவது 20.4 கிலோ கொழுப்பு. கொழுப்பு மூன்று கிலோ அளவில் குறைந்திருக்கிறது, தசை கொஞ்சம் கூடியிருக்கிறது. நிறை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. சூத்திரம் பிழைத்தாலும் அதே நாடாவும் அதே இடமும் என்றால் மாற்றத்தின் திசை தெரியும்.

வயிறு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா? அது கொழுப்பாக இல்லாமல் வயிற்றுத் தசை விலகியதாகவும் இருக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தலையை மெல்ல உயர்த்தித் தொப்புளுக்கு மேலே விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். துணியால் வயிறு கட்டுவது முதுகுக்கு ஆறுதல் தரும், கொழுப்பைக் கரைக்காது. சத்திரசிகிச்சை செய்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் கட்ட வேண்டாம்.

இனி என்ன செய்வது?

பால் கொடுக்கும் காலத்தில் கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைக்கப் பார்க்காதீர்கள். பத்தியக் கறியையும் சுறா வறையையும் விட வேண்டாம், அவை நல்ல புரதம். ஆனால் அதில் ஊற்றும் நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. என் அனுபவத்தில் முதலில் குறைக்க வேண்டியது சீனி போட்ட தேத்தண்ணீர். பார்க்க வருபவர்களோடு சேர்ந்து ஒரு நாளில் ஆறு கோப்பை குடித்திருக்கிறேன். கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவைச் சாப்பாட்டுக்கு மேல் சாப்பிடாமல் பத்துமணிச் சாப்பாடாகவே எடுங்கள். தண்ணீரைக் குறை என்று பெரியவர்கள் சொன்னால், இந்த வெயிலுக்கு அது சரிவராது என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

வைத்தியர் சரி என்ற பிறகு, வெயில் தாழ்ந்ததும் அரை மணி நேரம் நடங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டே நடக்கலாம். கர்ப்பத்தில் நீரிழிவு இருந்தவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் குருதிச் சீனியை மறுபடி பார்க்க வேண்டும். கொப்பியில் எந்த எண் இருந்தாலும் அதைத் தவறவிடாதீர்கள்.