பவுத்திர ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறேன். விடிகாலையில் ஏறும் பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாததால் வெளிக்கு வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். மலம் இறுகி, முக்கி, ரத்தம் வந்த பிறகும் வாய் திறப்பதில்லை. நானும் அப்படித்தான் எட்டு மாதம் சும்மா இருந்தேன்.

நம் பக்கம் அந்த இடத்தில் என்ன வந்தாலும் மூலம்தான். மலை ஏறிக் கேரளப் பக்கம் போனால் அதற்கே மூலக்குரு என்று பெயர். ஆனால் மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வலியில்லாமல் சிவப்பு ரத்தம் சொட்டினால் பெரும்பாலும் மூலம். வெளிக்குப் போகும்போது உயிர் போகிற வலி, போன பிறகும் மிளகாய் பூசியதுபோல எரிச்சல் என்றால் வெடிப்பு. பக்கத்தில் கட்டி வந்து உடைந்து, ஆறியதுபோல் இருந்து, மறுபடி சீழ் கசிந்தால் பவுத்திரம்; ஆசனவாய்க்கு உள்ளிருந்து வெளித்தோலுக்குக் குழாய்போல ஒரு வழி உண்டாகிவிடுவது. ஆரம்ப மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டாலே போதும். கையால் தள்ளியும் உள்ளே நிற்காவிட்டால் ஆபரேஷன். வெடிப்புக்கு முதலில் சில வாரம் களிம்பும் மலமிளக்கியும் தருவார்கள். பவுத்திரம் மட்டும் மாத்திரையில் மூடாது. ரத்தம் எதனால் என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். வயது 45 தாண்டியவர், எடை குறைகிறவர், மலம் போகிற பழக்கம் மாறியவர் குடலுக்குள் குழாய் விட்டும் பார்த்துவிட வேண்டும். புற்றுநோயும் இப்படித்தான் ரத்தம் காட்டும்.

எனக்குக் கட்டி வந்தபோது ‘மூலம், பவுத்திரம்’ என்று போர்டு மாட்டிய ஒருவரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டேன். கட்டி பழுத்து வேறு இடத்தில் உடைந்தது. பழைய வேட்டியை நாலாக மடித்து சீட்டில் போட்டு வண்டி ஓட்டினேன். சாயந்திரம் எடுத்தால் அதில் மஞ்சளாகக் கறை இருக்கும். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் நானே துவைத்தேன்.

கடைசியில் ஒரு சர்ஜனிடம் போனேன். விரலை விட்டுப் பார்ப்பார்கள், ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான் எட்டு மாதம் போனது. அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டாக்டரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது: “இந்த வழி சுருக்குத் தசையில் எவ்வளவு போகிறது?” மேலோட்டமாக இருந்தால் கீறித் திறந்துவிடுவார்கள். தசையில் அதிகம் போனால் ஒரேயடியாக வெட்ட மாட்டார்கள். வெட்டினால் மலத்தை அடக்கும் சக்தி போய்விடலாம். நூல் கட்டிப் படிப்படியாகச் செய்வார்கள். கேரளத்து ஆயுர்வேத ஆஸ்பத்திரிகளில் போடும் க்ஷாரசூத்திரமும் மருந்து பூசிய நூல்தான். படித்துப் பட்டம் வாங்கியவர் செய்தால் அதுவும் நல்ல வைத்தியமே.

சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை இவற்றை முதல் நாளே சொல்லுங்கள். சாப்பாட்டை எப்போது நிறுத்தச் சொன்னார்களோ அப்போதே நிறுத்துங்கள். முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். அன்று ராத்திரி சிறுநீர் வராமல் திணறினால் உடனே நர்ஸம்மாவைக் கூப்பிடுங்கள்.

புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம், அது அடியிலிருந்து ஆறி வர வேண்டும். எனக்கு ஏழு வாரம் ஆனது.

எல்லாரும் பயப்படுவது முதல் தடவை வெளிக்குப் போவதற்குத்தான். அந்தப் பயத்தில் பட்டினி கிடக்காதீர்கள்; மலம் கல்லாகும். கஞ்சி, கீரை, பப்பாளி சாப்பிடுங்கள். டாக்டர் சொன்னால் இரவில் மலத்தை இளக்கும் இசப்கோல் உமி, ஆனால் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு. வலி மாத்திரையை முன்னாடியே போட்டுக்கொண்டு போங்கள். முக்காதீர்கள். வந்ததும் அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் உட்காருங்கள். முழங்கையை நனைத்துப் பார்த்தால் சூடு தெரிந்துவிடும். இறுகிப் பிடித்த தசை மெதுவாகத் தளருவது உங்களுக்கே தெரியும். நான் தினமும் மூன்று தடவை உட்கார்ந்தேன். அப்புறம் ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள்.

மூல ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்தும் திடீரென ரத்தம் கொட்டலாம். அப்படி வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வலி குறையாமல் ஏறினாலோ காத்திருக்காதீர்கள்.

மூட்டை தூக்குகிற தம்பிகளுக்கும் ஒன்று: தொடை இடுக்கில் புடைத்துப் படுத்தால் உள்ளே போவது குடலிறக்கம். நாள் பார்த்து வலை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். ஆனால் புடைப்பு கல்லாகி, உள்ளே போகாமல், வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஆபரேஷன் வேண்டும். உள்ளே மாட்டிய குடல் அழுகிவிடும்.

இப்போது மேட்டில் ஒரு டீக்கடையில் தினமும் பத்து நிமிடம் வண்டியை நிறுத்துகிறேன். பின்னால் கக்கூஸ் இருக்கிறது. அக்காமார்கள் போய்வந்து, தண்ணீர் குடித்த பிறகுதான் வண்டியை எடுப்பேன்.